மூடிச் சத்தத்துக்கு வரும் பூனை

வயர் கூடை பின்னத் தெரிந்தவர்கள் நம் வயதில் இன்னும் சிலராவது இருப்பீர்கள். விரல் நுனியில் தோல் உரிந்து, சோறு பிசைகிற கையில்கூட அந்த பிளாஸ்டிக் வாசனை ஒட்டிக்கொண்டிருந்த விடுமுறை நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும். அப்படிப் பின்னிய ஒரு கூடையில் ஒரு நோயாளிப் பூனையை வைத்து மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குக் கொண்டுபோனதைத்தான் சொல்லப் போகிறேன். பெரிய கதையெல்லாம் இல்லை. ஒரு கோடை விடுமுறையில் ஆரம்பித்து, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது இது ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு தெருப்பூனை சுருண்டு கிடந்தது. மூன்றாவது மாடிப் பெண் அதைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பினாள். என் காபி ஆறுவதற்குள் இரண்டு பேர் கையுறையும் கூண்டுமாக வந்து இறங்கி, பூனையிடம் மரியாதையாகப் பேசி, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல காலம்தான் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். வாசலில் காலி வீட்டுக்கான பலகை தொங்கியது. வாடகைக்கு, சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் மாறிவிட்டது என்று நாம் நடைப்பயிற்சியின்போது பேசிக்கொள்வதில் பாதிதான் உண்மை.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஸ்டோர் என்றால் கடை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைப்பார்கள், நமக்குத் தெரியும். நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போர்ஷன்கள், பின்னால் எல்லோருக்கும் பொதுவாகக் கிணறும் துவைக்கிற கல்லும். தெருவைப் பார்த்த பெரிய பகுதியில் வீட்டுக்கார மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, வாயில் பேச்சு குறைவு. அந்தக் குறையை மாமி தீர்த்துவைப்பாள்.

அப்பா வடபழனி பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருக்கலாம். ஆனால் எனக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், சாயங்காலம் குளக்கரையில் காற்று வாங்க வேண்டும் என்று மயிலாப்பூரைப் பிடித்துக்கொண்டார். வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி என்ன சாப்பிடுவீர்கள் என்பதுதான். உண்மையைச் சொன்ன வீடுகளில் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் இந்த ஸ்டோரில் கேட்டபோது, அப்பா கொஞ்சமும் தயங்காமல் நாங்கள் சைவம் என்று சொல்லிவிட்டார். தூத்துக்குடியில் கடலைப் பார்த்தே வளர்ந்த அம்மா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாளாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர மற்ற நாட்களில் அப்பா சொன்னது பொய்யுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நானும் பஸ் ஏறி சைதாப்பேட்டையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவோம். அத்தை மார்க்கெட்டில் மீன் வாங்கி வைத்திருப்பாள். அம்மா உள்ளே நுழைந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிவாள்மனை முன்னால் உட்காருவாள். ஆறு நாட்களாக அடக்கி வைத்திருந்த ஊர்ப் பேச்சு, செதிலோடு சேர்ந்து தெறிக்கும். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த வீட்டு முற்றத்தில்தான்.

அப்பாவுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அவருக்காக அம்மா சங்கரா மீன் வறுவல் இரண்டு துண்டை வாழை இலையில் சுற்றி, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து, அதன்மேல் ஒரு பிடி கறிவேப்பிலை போட்டு மூடுவாள். அந்த டிபன் பாக்ஸ் இப்போதும் என் கண் முன்னால் இருக்கிறது. நீள்சதுரமானது, ஒரு மூலை நசுங்கியிருக்கும், மூடியில் ஒரு கொக்கி. அதை விடுவித்தால் டக் என்று ஒரு சத்தம். எத்தனை மெதுவாகத் திறந்தாலும் அந்தச் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சாயங்காலம் அப்பா டிப்போவிலிருந்து வந்து குளித்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு அந்த டக் கேட்கும். அவர் சாப்பிட்டு முடித்ததும் அம்மா சாம்பிராணி போடுவாள். புகை நடையெல்லாம் பரவும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் சாம்பிராணி போடுகிறார்கள், இந்தப் பெண்ணைப் பாருங்கள் ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை என்று மாமி ஸ்டோர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அம்மா அதைக் கேட்டு நெளிவாள்.

மீதியிருந்தது முள் மட்டும். பொதுக் குப்பைத்தொட்டியில் போட முடியாது. மாமியின் கண்ணுக்கு அதில் எதுவும் தப்பாது. தெருவில் எறியலாமென்றால் இலைப் பொட்டலத்தோடு நடை முழுக்க நடந்து, மாமா உட்கார்ந்திருக்கும் வாசலைத் தாண்ட வேண்டும். இந்தச் சிக்கலை எங்களுக்குத் தீர்த்துவைத்தது பூனைதான்.

அது யாருடைய பூனையும் இல்லை. சாம்பலும் பழுப்புமாகப் பட்டைகள், பாதி வால். மீதி வால் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. மத்தியானத்தில் மாமா சாப்பிட்டு எழுந்ததும் கிணற்றடியில் அதற்கு ஒரு உருண்டை தயிர் சாதம் வைப்பார். மற்ற நேரத்தில் மாமி அதைச் சனியன் என்று கூப்பிடுவாள். அதுவும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும், டிபன் பாக்ஸின் டக் கேட்டதும் எங்கிருந்தாலும் எங்கள் பின்கதவுக்கு வந்துவிடும். ஒரு முள் விடாமல் தின்று, இலையையும் நக்கிச் சுத்தமாக வைத்துவிட்டுப் போகும். அம்மா அதைத் தடவிக் கொடுத்ததே இல்லை. ஆனால் அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். அது பாசம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த விடுமுறையில் மாமியின் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வெயில் ஏறி, கிணற்றில் வாளி தரையைத் தட்டும் காலம். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மாமா வைத்த தயிர் சாதம் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. பூனை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வாயை மூட முடியவில்லை. எச்சில் நூல் மாதிரி வழிந்து மார்பு மயிரெல்லாம் நனைந்திருந்தது. கிட்டே போனால் ஒரு நாற்றம்.

மறுநாளும் அப்படியே. எச்சிலைப் பார்த்துத்தான் பெரியவர்கள் பயந்தார்கள். எங்கள் எதிர்ப் போர்ஷனில் பேங்க்கில் வேலை பார்க்கும் மாமா ஒருவர் இருந்தார். அவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வெறி பிடித்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். கோணியில் கட்டி பட்டினப்பாக்கம் பக்கம் மணலில் விட்டுவிட்டு வந்துவிடலாம், ரிக்‌ஷாக்காரனிடம் சொன்னால் ஆயிற்று என்றார். மாமிக்கு இரண்டு பக்கமும் இடி. வாயும் வயிறுமாகப் பெண் இருக்கும் வீட்டில் வெறிப் பூனை இருக்கக் கூடாது. ஆனால் பூனையைச் சாகடித்த பாவத்துக்குத் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் போதாது என்று கேட்டு வளர்ந்தவள்.

"அங்க மணல்ல கெடந்து செத்தாலும் நம்ம கணக்குலதான் வரும்னா" என்று மாமாவிடம் சொன்னாள். "நம்ம ஆத்துலயே செத்துவெச்சாலும் நம்ம கணக்குதான். என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்கோ."

எனக்கு அதெல்லாம் புரியவில்லை. பூனை சாகப் போகிறது என்பது மட்டும் புரிந்தது. கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மாமா என்னைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார். ஸ்டோரே அவரைத் திரும்பிப் பார்த்தது. தனக்குப் பல் வலி வந்தபோது கிராம்பை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தள்ளியவர் அவர்.

உடனே அம்மா முன்னால் வந்து, நான் கொண்டு போகிறேன் மாமா, உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்றாள். குரல் வழக்கத்தைவிட மேலே இருந்தது. மாமா வேண்டாம் என்று தலையாட்டினார். குழந்தையை மட்டும் அனுப்பு, அவளிடம்தான் அது சமர்த்தாக இருக்கும் என்றார். அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. பூனை மேல் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிடிப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. பேங்க் மாமா குடையை நீட்டினார். மாமி தூரத்திலிருந்து வழி சொன்னாள். பூனை கல்லை விட்டு ஓடி, விறகு அடுக்கியிருந்த மூலைக்குள் புகுந்துகொண்டது. நான் எப்படிக் கூப்பிட்டும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. இனி இது ஆகாது, கோணிதான் என்று பேங்க் மாமா மறுபடி ஆரம்பித்தார்.

அம்மா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அந்த டிபன் பாக்ஸ் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த வெறும் டிபன் பாக்ஸ். விறகு மூலைக்கு முன்னால் உட்கார்ந்து, கொக்கியை விடுவித்தாள். டக். மறுபடி மூடி, மறுபடி டக். பூனை வெளியே வந்தது. எச்சில் ஒழுக, தலையைச் சாய்த்துக்கொண்டு நேராக அம்மாவின் முழங்காலுக்கு வந்து நின்றது. அம்மா அதைப் பழைய புடவையில் சுற்றி வயர் கூடையில் இறக்கினாள். பச்சையும் வெள்ளையுமாக அவளே பின்னிய கூடை.

உன் கைக்கு நன்றாகப் பழகியிருக்கிறதே என்று மாமி ஆச்சரியப்பட்டாள். மாமா குனிந்து கூடையின் வாயைத் துண்டால் கட்டினார். அந்த முடிச்சுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

மயிலாப்பூரில் எங்களுக்குத் தெரிந்தது மாட்டாஸ்பத்திரி ஒன்றுதான். அங்கே நடந்து போனோம். வாசலில் ஒரு பசு மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஆள் கூடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சாமி, பூனையத் தூக்கிக்கினு வந்துகீறே? டாக்டரு மாடு பாக்கப் போய்கீறாரு, சாயங்காலம்தான் வருவாரு."

அடையாறில் ஒரு டாக்டர் வீட்டிலேயே நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறார், பூனையையும் பார்ப்பார் என்று அவரே வழியும் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. ஆட்டோதான். மாமா ஆட்டோவில் ஏறி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் பாதி வழியில்தான் கூடைக்குள் என்ன என்று கேட்டார். சொன்னதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"குறுக்க போனாலே ஆவாதுன்றாங்க. நீ இன்னான்னா உள்ளயே ஏத்தினு வந்துகீறே."

"உள்ள இருந்தா அது எப்படிப்பா குறுக்க போகும்?" என்றார் மாமா.

ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசித்தார். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கிளப்பினார். பாலத்தில் போகும்போது ஆற்றின் நாற்றமும் கடலின் காற்றும் சேர்ந்து அடித்தது. கூடைக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. நான் வயர் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். சூடான, ஈரமான மூக்கு விரலில் பட்டது. உயிர் இருந்தது.

டாக்டர் வீட்டு முன்னறையில் பினாயில் வாசனை. சங்கிலி போட்ட பெரிய நாய் ஒன்றும், ஒரு அம்மாளின் மடியில் வெள்ளை நாய் ஒன்றும் காத்திருந்தன. விபூதியும் பஞ்சகச்சமுமாக வயர் கூடையோடு உட்கார்ந்திருந்த மாமாவை நாய்களைவிட நாய்க்காரர்கள்தான் அதிகம் பார்த்தார்கள். மாமா யாரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

எங்களை உள்ளே கூப்பிட்டதும் டாக்டர் கேட்டார், வீட்டுப் பூனையா? இல்லை, வீட்டில் இருக்கிற பூனை என்றார் மாமா. என்ன சாப்பிடும் என்று அடுத்த கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார்.

"தயிர் சாதம்."

டாக்டர் பூனையைத் தடிமனான துணியில் இறுக்கிச் சுற்றி, உதவியாளரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இடுக்கி மாதிரி ஒன்றை உள்ளே விட்டு ஒரே இழுப்பு. பூனை ஒரு கத்தல் கத்தியது. எனாமல் தட்டில் டிங் என்று ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக, வளைந்து, ஒரு முனையில் ரத்தம். மேல் வாயில் இந்தப் பக்கப் பல்லுக்கும் அந்தப் பக்கப் பல்லுக்கும் குறுக்கே சட்டம் போட்ட மாதிரி மாட்டிக்கொண்டிருந்ததாம்.

"தயிர் சாதத்துல மீன் முள்ளு இருக்கே சார்" என்றார் டாக்டர்.

அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் ஒன்று சேர்ந்தது. அத்தை வீட்டு முற்றம், சாம்பிராணி, அம்மாவின் வெளுத்த முகம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொன்ன விஷயம், வீட்டுக்கார மாமாவின் கண்ணெதிரே ஒரு தட்டில் கிடந்தது. மாமா அதைப் பார்த்தார். பிறகு, ஊர் சுற்றுகிற பூனை, எங்கே எதைத் தின்றதோ என்று பொதுவாகச் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசி போட்டார்.

திரும்பும்போது மந்தைவெளியில் மாமா ஒரு கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, யாராவது கேட்டால் ஈர்க்குச்சி என்று சொல்லு என்றார். விளக்குமாற்றிலிருந்து விழுந்த குச்சி வாயில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மீன் முள் என்று டாக்டர் சொன்னாரே என்றேன். எனக்கு அந்த வயதில் உண்மை மேல் அப்படி ஒரு பிடிப்பு.

"டாக்டர் அடையார்ல இருக்கார்" என்றார் மாமா. "நாம மயிலாப்பூர்ல இருக்கோம்."

ஸ்டோர் வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வெறியில்லை, ஈர்க்குச்சிதான் என்று மாமா சொன்னதும் பேங்க் மாமா, நான் அப்போதே சந்தேகப்பட்டேன் என்றார். மாமி வாசல் பெருக்கும் அம்மாளைப் பிடித்துக்கொண்டு விளக்குமாற்றை ஏன் இப்படி உதிர விடுகிறாய் என்று ஆரம்பித்தாள். அந்த வாரம் ஸ்டோரில் எல்லாப் போர்ஷனிலும் விளக்குமாறு மாறியது. எங்கள் போர்ஷனிலும்தான். பூனை சாயங்காலமே தயிர் சாதம் தின்றது. வயர் கூடையை விட்டு இறங்க மாட்டேன் என்று அதிலேயே படுத்துக்கொண்டது. அம்மாவும் கூடையைக் கேட்கவில்லை.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பயம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஏட்டி, நெசமாச் சொல்லு. என்னத்த எடுத்தாவ?"

"மீன் முள்ளு" என்றேன். "மாமாதான் ஈர்க்குச்சின்னு சொல்லச் சொன்னாங்க."

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து அணைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஒரு கெட்ட செய்திக்காகக் காத்திருந்தார்கள். மாமா ஏன் மறைத்தார் என்று அப்பா ஒரு கணக்குப் போட்டார். பெண்ணுக்குப் பிரசவம் ஆகும்வரை வீட்டில் சண்டை வேண்டாமென்று இருக்கிறார், குழந்தை பிறந்து புண்ணியாகவாசனம் முடிந்ததும் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்றார். அம்மா அதை நம்பினாள். சைதாப்பேட்டைக்குப் போவது நின்றது. டிபன் பாக்ஸ் பரணுக்குப் போனது. அம்மா சிரிப்பதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

பயந்தவர்களுக்கு எல்லாம் அடையாளமாகத் தெரியும். மாமா முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது அப்பா டிப்போவிலிருந்து வரும் நேரத்துக்கு எழுந்துவிட்டார். அதுமட்டுமல்ல, மாமியையும் கிளப்பிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாராவாரம் தவறாமல். மாமிக்குக் கால் வலி, வேண்டாமென்றாலும் விடவில்லை. நம் முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்கவில்லை பார், அவர் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடுகிறார் என்றார் அப்பா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் கோயிலுக்குப் போன பின் ஸ்டோரின் முன் பகுதி காலியாக இருக்கும். நாங்கள் விளக்கைக் குறைத்துவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிடுவோம். பூனை அந்த நேரத்துக்குச் சரியாக வந்து பின்கதவில் உட்காரும். டக் சத்தம் வராது. வெகுநேரம் இருந்துவிட்டுப் போகும்.

மாமியின் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்குள் அப்பா கே.கே. நகரில் ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டார். அங்கே யாரும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. மாமாவிடம், டிப்போவுக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார். மாமா ஒன்றும் கேட்கவில்லை, சரி என்றார். பார்த்தாயா, ஒரு வார்த்தை இருங்கள் என்று சொல்லவில்லை என்று அப்பா வந்து சொன்னார். அவராகச் சொல்வதற்கு முன்னால் நாமே கிளம்பியது மரியாதை என்றும் சொன்னார்.

சாமான் ஏற்ற மீன்பாடி வண்டி வந்தது. மூன்று சக்கரமும் முன்னால் பலகையுமாக இருக்குமே, அதுதான். கட்டில், டிரங்குப் பெட்டி, பாத்திர மூட்டை என்று ஏற்றி, எல்லாவற்றுக்கும் மேலே மெத்தையைப் போட்டு, அம்மாவும் நானும் அதில் உட்காருவது என்று ஏற்பாடு. அப்பா சைக்கிளில் கூட வருவார். மாமி பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருந்தாள். அப்பா மின்சார மீட்டரைக் காட்ட பேங்க் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா கடைசியாகப் பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமா நடை வழியாக மெதுவாக வந்து எங்கள் கதவுக்கு வெளியே நின்றார். வயர் கூடை கிணற்றடியில் கிடந்தது, பூனை அதில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா" என்றார். "அந்தப் பூனைக்கு இனிமே மீன் யார் போடுவா?"

அம்மாவின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. அவர் குரலில் கோபமில்லை, கிண்டலில்லை. வாடகைக்கு அடுத்து யார் வருவார்கள் என்று கேட்பது மாதிரி, அவருக்கு உண்மையிலேயே அது ஒரு கவலை. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கட்டிய மூட்டையை அவிழ்த்தாள். அடியில் கையை விட்டு அந்த நசுங்கிய டிபன் பாக்ஸை எடுத்து, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மூடியைத் திறந்தா வந்துரும் மாமா. தயிர் சாதமே போடுங்க."

மாமா துண்டை விரித்து அதை வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார். "முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கெழமையானா அந்தச் சத்தம் என் காதுலயும்தானே விழுந்துண்டிருந்தது."

வண்டி கிளம்பியது. அம்மா மெத்தை மேல் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு வந்தாள். பனகல் பார்க்கைத் தாண்டும்போது, கால் வலிக்காரியை வாராவாரம் எதற்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மாம்பலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அப்பா சைக்கிளை விட்டு இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க, திரும்பிப் போயிருவமா?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது மறந்து வைத்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள் அம்மா. அதற்குள் மின்சார ரயில் போய்விட்டது. கேட்டைத் திறந்தார்கள், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான், வண்டிக்காரர் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்.